நோயாளி எந்த மாநிலத்தில் இருக்கிறார்?

அமெரிக்காவில் காணொளி வழியாக மருத்துவரைப் பார்க்க உட்கார்ந்தால், உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே பெரும்பாலும் ஒரு கேள்வி வரும்: "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள்?" வீடு எங்கே என்று அவர்கள் கேட்கவில்லை. இந்த நிமிடம் நீங்கள் எந்த மாநில மண்ணில் இருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த மருத்துவருக்கு உரிமம் இல்லாத மாநிலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடலாம்.

கொரோனா காலத்துத் தளர்வுகள் முடிந்தபின் இந்தக் கேள்வி பலரைச் சாலைக்கு அனுப்பியது. காரை எடுத்துக்கொண்டு மாநில எல்லையைத் தாண்டி, ஏதோ ஒரு கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, கைபேசியில் மருத்துவரிடம் பேசிவிட்டுத் திரும்பியவர்களைப் பற்றி அந்நாட்டுப் பத்திரிகைகள் நிறைய எழுதின. அதே மருத்துவர், அதே நோயாளி, அதே நோய். எல்லைக்கு இந்தப் பக்கம் பேசினால் சட்ட மீறல். அந்தப் பக்கம் பேசினால் சரி.

கேட்கிறவருக்குச் சிரிப்பு வரும். ஆனால் விதி வெறும் கிறுக்குத்தனம் இல்லை. அது எதற்காக வந்தது என்று தெரிந்தால்தான் எங்கே தளர்த்தலாம், எங்கே தளர்த்தினால் ஆபத்து என்பது பிடிபடும்.

ஐம்பது வாசல்கள்

அமெரிக்க மருத்துவருக்கு உரிமம் தருவது மத்திய அரசு இல்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள மருத்துவ வாரியம் தருகிறது. மக்களின் உடல்நலத்தையும் பாதுகாப்பையும் கவனிக்கும் பொறுப்பு அந்நாட்டு அரசியல் சட்டப்படி மாநிலங்களிடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முறையாகப் படித்தவர், அரைகுறையாகப் படித்தவர், காசு கொடுத்துப் பட்டம் வாங்கியவர் என எல்லாருமே அங்கே மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கட்டுப்படுத்த மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உரிமச் சட்டம் கொண்டுவந்தன.

மேற்கு வர்ஜீனியாவில் 1876 முதல் மருத்துவம் பார்த்துவந்த ஃபிராங்க் டென்ட் என்பவர் அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டார். சின்சினாட்டி நகரக் கல்லூரி ஒன்றின் சான்றிதழ் அவரிடம் இருந்தது. அந்தக் கல்லூரி தரமானதல்ல என்று மாநில வாரியம் ஒதுக்கியது. அவர் தொழிலை விடவில்லை. 50 டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மருத்துவத் தொழிலுக்குத் தகுதி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 1889இல் நீதிமன்றம் சொன்னது. அந்த அடித்தளம் இன்றும் அப்படியே நிற்கிறது.

டென்ட்டின் காலத்தில் மருத்துவரும் நோயாளியும் ஒரே அறையில் இருந்தார்கள். சிகிச்சை எங்கே நடக்கிறது என்று யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியும் இணையமும் வந்தபிறகு யோசிக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் பாஸ்டனில் இருக்கிறார், நோயாளி நியூ ஜெர்சியில் இருக்கிறார் என்றால் மருத்துவம் நடந்தது எந்த ஊரில்? மாநிலங்கள் ஏறக்குறைய ஒரே குரலில் சொன்ன பதில்: நோயாளி இருக்கும் ஊரில். ஆகவே மருத்துவரின் நாற்காலி எங்கே இருந்தாலும் நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். இதுதான் பொது விதி. மற்றதெல்லாம் இதற்கு வைத்த விலக்குகள்.

ஏன் நோயாளி இருக்கும் இடம்?

2005இல் நடந்த ஒன்று இதற்கு நல்ல விளக்கம். கலிபோர்னியாவில் இருந்த ஒரு மாணவர் மனச்சோர்வு மருந்து கேட்டு ஓர் இணையதளத்தில் கேள்வித்தாளை நிரப்பி அனுப்பினார். அதைப் பார்த்து மருந்துக்கு அனுமதி தந்தவர் கொலராடோவில் இருந்த ஒரு மனநல மருத்துவர். அவர் அந்த மாணவரைப் பார்க்கவில்லை, பேசவும் இல்லை. கொலராடோவிலேயே அவருடைய உரிமத்தின் மேல் கட்டுப்பாடுகள் இருந்தன. இடையில் நின்று வேலையை நடத்திய நிறுவனம் ஃப்ளோரிடாவில். மருந்தை அனுப்பிய கடை மிசிசிப்பியில். சில வாரங்களில் அந்த மாணவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இப்போது யார் கேட்பது? கொலராடோ கேட்கலாம், ஆனால் பாதிக்கப்பட்டவர் அங்கே இல்லை. ஃப்ளோரிடாவுக்கும் மிசிசிப்பிக்கும் ஆளுக்கொரு துண்டுதான் தெரியும். கலிபோர்னியா அரசு, உரிமம் இல்லாமல் தன் மண்ணில் மருத்துவம் பார்த்ததாக அந்த மருத்துவர்மேல் குற்றவியல் வழக்குப் போட்டது. "நான் கலிபோர்னியாவில் காலே வைக்கவில்லையே" என்பது அவர் தரப்பு வாதம். 2007இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளைவு எங்கே விழுந்ததோ அங்கே விசாரிக்கலாம் என்றது. 2009இல் அவருக்கு ஒன்பது மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது.

உரிமத்தைப் படிப்புக்குக் கொடுக்கும் சான்றாகவே நாம் நினைக்கிறோம். சட்டத்தின் கண்ணில் அதைவிடப் பெரிய வேலை அதற்கு இருக்கிறது. தவறு நடந்தால் புகாரை வாங்கவும், ஆவணங்களை வரவழைக்கவும், தொழிலை நிறுத்திவைக்கவும் ஓர் அலுவலகத்துக்கு அதிகாரம் தருவது அந்த உரிமம்தான். அந்த அலுவலகம் நோயாளியின் மாநிலத்தில் இருந்தால் அவர் போய்க் கேட்க முடியும். இந்த விவாதத்தில் வரும் ஒவ்வொரு திட்டத்தையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்தே பார்க்கிறேன்: இதில் தவறு நடந்தால் நோயாளி யாரிடம் போவார்?

தகுதியைப் பொறுத்தவரை மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வித்தியாசம் ஒன்றும் கிடையாது. 1990களின் தொடக்கத்திலிருந்து நாடு முழுமைக்கும் ஒரே மருத்துவ உரிமத் தேர்வு இருக்கிறது. பாஸ்டனில் படிக்கும் இதயமும் டாலஸில் படிக்கும் இதயமும் ஒன்றுதான். ஆனால் ஒழுங்கு நடவடிக்கையில் வித்தியாசம் உண்டு. ஒரு மாநிலத்தில் உரிமம் பறிபோன மருத்துவர் சத்தமில்லாமல் அடுத்த மாநிலத்துக்குப் போய்க் கடை திறப்பது ஒருகாலத்தில் சாதாரணமாக நடந்தது. அதைத் தடுக்கவே நாடாளுமன்றம் 1986இல் ஒரு சட்டம் இயற்றி, மருத்துவர்கள் மேலான நடவடிக்கைகளையும் இழப்பீடுகளையும் பதிந்துவைக்கும் தேசியத் தரவு வங்கி ஒன்றை 1990இல் திறந்தது. வாரியங்களும் மருத்துவமனைகளும் அதைப் பார்க்கலாம். பொதுமக்கள் பார்க்க முடியாது. இந்தக் கடைசி விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளூர்க் கடையும் வெளியூர்ச் சரக்கும்

நோயாளியின் பாதுகாப்பு ஒரு காரணம். சொல்லாமல் விடும் இன்னொரு காரணமும் உண்டு. மாநில வாரியங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பான்மையோர் அதே தொழிலில் இருப்பவர்கள். வெளியிலிருந்து போட்டி வருவதை அவர்கள் விரும்பாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன? வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம், பல் வெளுக்கும் வேலையைக் குறைந்த விலையில் செய்துவந்த, பல் மருத்துவர் அல்லாதவர்களைத் துரத்தியது. அந்த வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம், தொழிலில் இருப்பவர்களே நடத்தும் வாரியத்தை மாநில அரசு உண்மையாக மேற்பார்வை செய்யாவிட்டால், வணிகப் போட்டிச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்கு கிடையாது என்றது.

அதே ஆண்டு டெக்சாஸ் மருத்துவ வாரியம், நோயாளியை ஒருமுறையாவது நேரில் பார்க்காமல் மருந்து எழுதக் கூடாது என்று விதி செய்தது. டாலஸில் 2002இல் தொடங்கிய டெலடாக் என்ற தொலைமருத்துவ நிறுவனம் போட்டிச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டது. வழக்கு முடியும் முன்பே, 2017இல், மாநில சட்டமன்றம் நேரில் பார்க்கும் கட்டாயத்தை நீக்கிவிட்டது. உரிம விதி மட்டும் நீங்கவில்லை: டெக்சாஸ் நோயாளிக்கு டெக்சாஸ் உரிமம்.

கொரோனா திறந்த கதவு

2020 மார்ச்சில் ஒரே மாதத்தில் எல்லாம் மாறியது. ஏறத்தாழ எல்லா மாநிலங்களும் ஏதாவதொரு வகையில் உரிம விதியைத் தளர்த்தின. வேறு மாநிலத்தில் நல்ல நிலையில் உரிமம் இருந்தால் போதும், திரை வழியாகப் பார்க்கலாம் என்றன. மக்கள் அதற்குப் பழகிவிட்டார்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பெருநகர மருத்துவமனைக்குப் போய்வந்தவர், அதன்பிறகான ஆலோசனைகளை வீட்டுச் சோபாவிலிருந்தே பார்த்துக்கொண்டார். ஊர் விட்டு ஊர் மாறிய கல்லூரி மாணவர் தன் பழைய மனநல ஆலோசகரை விடவில்லை.

பிறகு அவசரநிலை ஆணைகள் மாநிலம் மாநிலமாக வெவ்வேறு தேதிகளில் காலாவதியாயின. வர்ஜீனியாவின் ஆணை 2021 கோடையில் முடிந்தபோது, பால்டிமோரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஆயிரத்துக்கும் மேற்பட்ட வர்ஜீனியா நோயாளிகளுக்கு, உங்கள் காணொளிச் சந்திப்பு இனி நடக்காது என்று அவசரமாகத் தகவல் அனுப்ப வேண்டியிருந்தது. பால்டிமோர் இருக்கும் மேரிலாந்தும் வர்ஜீனியாவும் பக்கத்துப் பக்கத்து மாநிலங்கள். நடுவில் ஓடுவது ஒரு ஆறு.

நான்கு வழிகள், நான்கு குணங்கள்

மருத்துவர்கள் பிடித்த வழி மாநிலங்களுக்கிடையிலான மருத்துவ உரிம உடன்பாடு. 2017இலிருந்து நடக்கிறது, 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்திருக்கின்றன. பெயரைக் கேட்டு ஒரே உரிமம் எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உரிமம் வாங்கித்தான் ஆக வேண்டும். விண்ணப்பம் மட்டும் வேகமாக நகரும். மருத்துவரின் சொந்த மாநிலம் அவருடைய சான்றுகளை ஒருமுறை சரிபார்க்கும். மற்ற மாநிலங்கள் அதை ஏற்றுக்கொள்ளும். உடன்பாட்டுக்கு 700 டாலர் கட்டணம், அதற்குமேல் ஒவ்வொரு மாநிலத்தின் உரிமக் கட்டணம், பிறகு ஒவ்வொன்றுக்கும் புதுப்பிக்கும் கட்டணம். முப்பது மாநிலங்களில் நோயாளிகளைப் பார்க்கும் பெரிய தொலைமருத்துவ நிறுவனத்துக்கு இது தாங்கும். வேறு மாநிலத்திலிருந்து வரும் இரண்டு மூன்று பழைய நோயாளிகளுக்காக ஒரு தனி மருத்துவர் இவ்வளவையும் கட்டுவாரா? நடுவில் விழும் ஓட்டை அது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் 2025 வரை இதில் சேரவும் இல்லை.

செவிலியர்கள் பிடித்த வழி எளிது. அது ஓட்டுநர் உரிமம் போல: சொந்த மாநிலத்தில் வாங்கியதைக் கொண்டு உடன்பாட்டில் உள்ள எந்த மாநிலத்திலும் வேலை செய்யலாம், அங்கே போனால் அங்குள்ள சாலை விதிக்குக் கட்டுப்பட வேண்டும். 1990களின் கடைசியில் தொடங்கிய இந்த ஏற்பாடு 2018 ஜனவரியில் புதிய வடிவம் எடுத்தது. இதிலும் 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள். தவறு செய்த செவிலியர்மீது, அவர் வேலை பார்த்த மாநிலமும் தன் எல்லைக்குள் நடவடிக்கை எடுக்கலாம். உளவியலாளர்களுக்கும் இதே சாயலில் ஓர் உடன்பாடு 2020இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாநில எல்லை தாண்டிக் காணொளியில் சிகிச்சை தர அதில் தனி அனுமதி வாங்க வேண்டும். செவிலியருக்கு முடிந்தது மருத்துவருக்கு ஏன் முடியவில்லை? உரிமக் கட்டண வருமானம் ஒரு காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. அதிகாரத்தை விட்டுத்தர எந்த வாரியத்துக்கும் மனம் வராது என்பது அதைவிடப் பெரிய காரணமாக எனக்குப் படுகிறது.

மூன்றாவது வழி பதிவு. இதில் முன்னால் நிற்பது ஃப்ளோரிடா. கொரோனாவுக்கு முன்பே, 2019 ஜூலையிலிருந்து, அங்கே இது நடைமுறையில் இருக்கிறது. வெளிமாநில மருத்துவர் முழு உரிமம் வாங்க வேண்டாம். பதிவு செய்துகொண்டால் போதும். ஆனால் நிபந்தனைகளைப் பாருங்கள். அவருடைய சொந்த மாநில உரிமம் சுத்தமாக இருக்க வேண்டும். கடந்த ஐந்து ஆண்டில் அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை இருக்கக் கூடாது. வேறெங்காவது நடவடிக்கை வந்தால் ஐந்து வேலை நாளுக்குள் ஃப்ளோரிடாவுக்குத் தெரிவிக்க வேண்டும். தொழில்முறைத் தவறுக்கான காப்பீடு வேண்டும். சட்ட அறிவிப்புகளை வாங்கிக்கொள்ள ஃப்ளோரிடாவுக்குள் ஒரு முகவரை நியமிக்க வேண்டும். அங்கே அலுவலகம் திறக்கக் கூடாது, யாரையும் நேரில் பார்க்கக் கூடாது. வழக்கு வந்தால் நோயாளி வசிக்கும் மாவட்டத்திலேயோ மாநிலத் தலைநகர் இருக்கும் லியான் மாவட்டத்திலேயோ நடத்தலாம்.

இந்தக் கடைசி வரிதான் என் கேள்விக்கு நேரான பதில். மயாமியில் இருக்கும் நோயாளி நீதி கேட்டு மின்னசோட்டாவுக்கு விமானம் ஏற வேண்டியதில்லை. முகவர் உள்ளூரில், காப்பீடு கையில், நீதிமன்றம் பக்கத்தில். உரிமத்தின் மூலம் மாநிலம் பெற நினைத்த பாதுகாப்பில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது; மருத்துவரின் செலவும் அலைச்சலும் மிச்சமாகின்றன. அரிசோனா 2021இல் இதே மாதிரியைப் பின்பற்றியது. அதோடு, வேறு மாநிலத்தில் நேரில் செய்த சிகிச்சையின் தொடர் ஆலோசனை என்றால் பதிவுகூட வேண்டாம் என்று விலக்கும் தந்தது. வெர்மாண்ட் வேறு தினுசு. 2022இல் அது செய்த சட்டப்படி, 120 நாளுக்குள் 10 நோயாளி வரை பார்க்க ஒரு பதிவு. இரண்டு ஆண்டுக்கு 20 நோயாளி வரை பார்க்க ஒரு தொலைமருத்துவ உரிமம். இருபத்தொன்றாவது நோயாளியால் வெர்மாண்டுக்கு என்ன ஆபத்து வரும் என்று எனக்குப் புரியவில்லை. ஆறரை லட்சம் பேர் மட்டுமே வாழும் சிறிய மாநிலம், உள்ளூர் மருத்துவர்கள் பிழைக்க வேண்டும் என்று நினைத்திருக்கலாம். அப்படியானால் அதை அப்படியே சொல்லிவிடலாம்.

நான்காவது வழி, மத்திய அரசே எல்லையை அழிப்பது. முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறை 2018இல் அதைச் செய்தது. அத்துறையில் பணிபுரியும் மருத்துவர் எந்த மாநில உரிமம் வைத்திருந்தாலும், எந்த மாநிலத்தில் இருக்கும் படைவீரரையும் திரை வழியாகப் பார்க்கலாம். அங்கே தவறு நடந்தால் பொறுப்பேற்க ஒரே முதலாளி இருக்கிறார், அதனால் அது நடக்கிறது. நாடு முழுவதற்கும் அப்படி ஓர் உரிமம் கொண்டுவரும் யோசனை அடிக்கடி எழும்; மாநிலங்களின் எதிர்ப்பில் அடங்கிவிடும்.

நீதிமன்றத்தின் முன்

சட்டமன்றங்கள் மெதுவாக நகர்வதைப் பார்த்துச் சிலர் நீதிமன்றம் போனார்கள். வர்ஜீனியாவைச் சேர்ந்த மனநல ஆலோசகர் ஒருவர், தன் வாடிக்கையாளர்கள் நியூயார்க்குக்கு இடம் மாறினாலும் அவர்களோடு பேச அனுமதி கேட்டார். நான் செய்வது பேச்சு மட்டும்தான், பேச்சுரிமைக்கு உரிமம் எதற்கு என்பது அவர் வாதம். 2023இல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் நியூயார்க்கின் பக்கம் தீர்ப்பளித்தது: உரிமம் கேட்பது பேச்சின் உள்ளடக்கத்தைத் தடுப்பதாகாது.

அதே ஆண்டு டிசம்பரில் நியூ ஜெர்சியின் விதியை எதிர்த்து இன்னொரு வழக்கு வந்தது. பாஸ்டனின் பெரிய மருத்துவமனை ஒன்றில் அரிய புற்றுநோய்களுக்குப் புரோட்டான் கதிர்வீச்சு தரும் மருத்துவர் வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர். அவரிடம் சிகிச்சை பெற்ற சிறுவனின் குடும்பமும் உடன் சேர்ந்தது. குழந்தைக்கு வரும் அரிய மூளைக்கட்டிக்கு நாட்டிலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய நிபுணர்கள் இருப்பார்கள். அவர்களில் ஒருவரிடம் அரை மணி நேரம் பேசுவதற்காக அந்தக் குழந்தையைப் பல மணி நேரம் காரில் கூட்டிப் போவதா? இங்கே மாநில எல்லை யாரைக் காக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

முதல்முறையாக முகம் பார்க்காமல் மருந்து எழுதுபவரையும், நேரில் அறுவை செய்து முடித்துவிட்டுத் தையல் ஆறியதா என்று கேட்பவரையும் ஒரே விதியால் அளப்பதுதான் கோளாறு. முதல் வகைக்குக் கடுமை வேண்டும். இரண்டாம் வகைக்கு அரிசோனா தந்த விலக்கை எல்லா மாநிலங்களும் தந்துவிடலாம். அதில் யாருக்கும் நட்டம் இல்லை.

மருந்துச்சீட்டு தனிக் கதை

உரிமம் இருந்தாலும் எல்லா மருந்தையும் திரை வழியாக எழுத முடியாது. ரயன் ஹைட் என்ற 18 வயதுப் பையன் இணையத்தில் வாங்கிய வலிநிவாரணியால் 2001இல் இறந்துபோனான். அவன் பெயரிலேயே 2008இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. போதையாக மாறக்கூடிய, கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை எழுத வேண்டுமானால் முன்பே ஒருமுறை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்பது அதன் பொதுவான விதி. கொரோனாவில் இதையும் நிறுத்திவைத்தார்கள். அந்தத் தளர்வைப் பிறகு பலமுறை நீட்டித்தார்கள். கவனக்குறைபாட்டு மருந்துகள், சில வலி மருந்துகள், சில தூக்க மருந்துகள் இதற்குள் அடங்கும். இது மத்தியச் சட்டம் என்பதால் மருத்துவரும் நோயாளியும் ஒரே மாநிலத்தில் இருந்தாலும் பொருந்தும்.

மாநிலங்கள் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் இடமும் மருந்துச்சீட்டுதான். கருக்கலைப்பு உரிமை பற்றிய முடிவை உச்ச நீதிமன்றம் 2022இல் மாநிலங்களிடம் விட்டபின், மசசூசெட்ஸும் நியூயார்க்கும் தம் மருத்துவர்களைக் காக்கச் சட்டம் செய்தன. நோயாளி எங்கே இருந்தாலும் மருத்துவர் எங்கள் மண்ணில் இருக்கிறார், எங்கள் சட்டம்தான் பொருந்தும் என்பது அந்தச் சட்டங்களின் சாரம். டெக்சாஸும் லூசியானாவும், நோயாளி இருக்கும் இடமே கணக்கு என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டன. நியூயார்க் மருத்துவர் ஒருவர் அனுப்பிய கருக்கலைப்பு மாத்திரைகளுக்காக 2025 தொடக்கத்தில் டெக்சாஸ் நீதிமன்றம் ஒரு லட்சம் டாலருக்குமேல் அபராதம் விதித்தது. லூசியானா குற்றவழக்கே தொடுத்தது. அவரை ஒப்படைக்க முடியாது என்று நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்குல் மறுத்துவிட்டார். மருத்துவம் நடந்தது எங்கே என்ற கேள்வி வெறும் அலுவலக நடைமுறை என்று நினைத்திருந்தவர்களுக்கு அது அன்று வேறு முகம் காட்டியது.

நம் வீட்டுப் பிரச்சினை

இந்தியாவில் இந்தத் தலைவலி உள்நாட்டுக்குள் இல்லை. 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, மாநிலப் பதிவேட்டிலோ இந்திய மருத்துவப் பதிவேட்டிலோ உள்ள மருத்துவர் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் ஆலோசனை தரலாம். மதுரை மருத்துவர் மும்பையில் இருப்பவரைப் பார்க்க மகாராஷ்டிராவில் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் இந்திய எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கான ஆலோசனை அந்த வழிகாட்டுதலில் அடங்காது.

நியூ ஜெர்சியிலோ டெக்சாஸிலோ இருக்கும் மகன் மகள் வீட்டுக்கு ஆறு மாதம் தங்கப்போகும் அப்பா அம்மாவுக்கு இது நேராக வந்து முட்டும். சென்னையில் இருக்கும் சர்க்கரை நோய் மருத்துவரிடம் வாட்ஸப்பில் பேசி மாத்திரையின் அளவைக் கூட்டிக் குறைப்பது நம் வீடுகளில் சகஜம். நோயாளி அமெரிக்க மண்ணில் இருக்கும்வரை அந்த மாநிலத்தின் பார்வையில் அது உரிமம் இல்லாத மருத்துவம். சென்னை மருத்துவரை யாரும் தேடிப்போகப் போவதில்லை. ஆனால் ஏதாவது ஆனால் அங்கே புகார் கொடுக்கவும் வழி இல்லை. இந்தியச் சீட்டைக் காட்டினால் அங்குள்ள மருந்துக்கடைகள் பொதுவாக மருந்து தருவதில்லை.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. போகும் முன்பே நோய் வரலாறு, இப்போதைய மருந்துகளின் வேதிப்பெயர், அளவு, சமீபத்திய பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வணிகப் பெயர் அங்கே உதவாது. அங்கே காணொளி மருத்துவரைப் பார்ப்பதானால், பெற்றோர் இருக்கும் மாநிலத்தின் மருத்துவ வாரிய இணையதளத்தில் அவர் பெயரைத் தேடுங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, அவர்மேல் நடவடிக்கை உண்டா என்று இலவசமாகப் பார்க்கலாம். வார இறுதியில் பக்கத்து மாநிலத்து உறவினர் வீட்டுக்குப் போயிருக்கும்போது சந்திப்பு வந்தால், இருக்கும் இடத்தை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் வேறு தேதி தருவார்கள். சென்னை மருத்துவரின் அறிவும் வீணாக வேண்டியதில்லை. உள்ளூர் உரிமம் உள்ள மருத்துவர் பொறுப்பில் இருக்கும்போது வெளி மருத்துவர் அவருக்கு யோசனை சொல்வதைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ஆகவே அவரை நோயாளியோடு பேசவைப்பதைவிட, அங்குள்ள மருத்துவரோடு பேசவைக்கப் பாருங்கள். சீட்டு எழுதுவது அந்த மாநில உரிமம் உள்ளவராக இருந்தால் சரி.